இருமல் நின்ற வாரம்

என் வேலையின் பெயரைக் கேட்டால் மன்னாரில் பாதிப் பேர் பிழையாகத்தான் விளங்கிக்கொள்வார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்றால் வேலையில்லாதவர்களுக்கு வேலை எடுத்துக் கொடுக்கிற ஏதோ கந்தோர் என்று நினைப்பு. பஸ் நிலையத்துக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கும் ஒருவர் மகனின் சான்றிதழ்களைப் போட்டோப் பிரதி எடுத்து மூன்று முறை என்னிடம் தந்திருக்கிறார். நான் குழந்தைகளுக்குப் பால் குடிக்கப் பழக்குகிறேன் என்று சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதையுமா, பிள்ளை, படிப்பிக்க வேணும்?" என்றார்.

படிப்பிக்கத்தான் வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, சிலருக்கு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஒழுங்கு பிசகிவிடும். பால் வயிற்றுக்குப் போகிற வழியை விட்டு மூச்சு போகிற வழியில் இறங்கும். இறங்கினால் பிள்ளை இருமும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும். புரையேறுதல் என்று புத்தகத்தில் எழுதுவதை எங்கள் பக்கத்தில் பிரக்கடித்தல் என்போம்.

ஒரு தொண்டு நிறுவனம் தோட்டவெளியில் வாடகைக்கு எடுத்த வீட்டில்தான் என் சிகிச்சை நிலையம். இரண்டே அறை. முன் அறையில் பாய்களும் தலையணைகளும். பின் அறையில் ஒரு அலுமாரி, மேசை, என் கதிரை. நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோது நான் இந்த வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. என் கை பட்டால் எந்தப் பிள்ளையும் குடிக்கும் என்று தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு உள்ளுக்குள் சந்தோசப்படுவேன். கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன?

அந்தத் தாய் திருக்கேதீஸ்வரத்துக்கு அங்கால் ஒரு வயல் ஊரிலிருந்து வந்தவள். இருபத்தைந்து வயது இருக்கும். பிள்ளை ஏழு மாதத்தில் பிறந்தவன். நிறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத உடம்பு. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, மூக்கில் போட்ட குழாயால் பால் குடித்து, குழாய் எடுத்து இரண்டு கிழமையில் என்னிடம் வந்தான். அப்போது அவனுக்கு இரண்டரை மாதம். கணவன் கத்தாரில் லொறி ஓட்டுகிறான். மனைவிக்கு நான்கு மாதமாக இருக்கும்போது போனவன், பிள்ளையை இன்னும் கையால் தொட்டதில்லை. வீட்டில் அவளும் கணவனின் தாயான மாமியும் மட்டும்.

முதல் நாளே அவளுடைய கை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிள்ளையைத் தலையணையில் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தவும், தலையை நெஞ்சுக்கு மேலாக வைக்கவும், நாடிக்குக் கீழே ஒரு விரலால் தாங்கவும் காட்டிக் கொடுத்தேன். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைச் சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு அவன் மூச்சு விடும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்படக்கூடாது. சில தாய்மாருக்கு இதை நான்கு கிழமை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இவள் ஒருமுறை பார்த்தாள், மறுமுறை தானே செய்தாள். நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு கொப்பியும் கொடுத்தேன். நாளுக்கு ஒரு வரி. பிள்ளைக்குப் பிரக்கடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். அடுத்த செவ்வாய் அதைக் கொண்டுவர வேண்டும். எந்த நேரத்தில் கூடுகிறது, எப்படிக் கிடத்தினால் குறைகிறது என்று பார்ப்பதற்கு.

அந்தக் கொப்பிக்கு இன்னொரு வேலையும் இருந்தது என்பதை இரண்டாவது செவ்வாயில்தான் அறிந்தேன். பிரக்கடித்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வது எங்கள் வீடுகளில் எல்லாம் உள்ளதுதான். உச்சந்தலையில் மெல்லத் தட்டி, யார் நினைக்கிறார் என்று கேட்பார்கள். அவளுடைய வீட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. நினைப்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். மாமி உச்சியில் தட்டி, "உன்ர அப்பா நினைக்கிறார் ராசா" என்பாராம். அவள் கோடு போட்டுவிட்டு, இரவானதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் கணவனுக்கு அனுப்பிவிடுவாள்.

"இண்டைக்கு ஆறு தரம் நினைச்சிருக்கிறீங்கள் எண்டு போட்டனான், மிஸ்," என்றாள். "அவர் இல்லையெண்டார், ஏழு தரமாம். ஒண்டை நான் காணேல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்கட மனுசன் அங்க லொறி ஓடுறாரோ, இல்லாட்டி இதுதான் வேலையோ?"

"வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, மிஸ். பாருங்கோ, வெள்ளிக்கிழமைதான் கோடு கூட."

பார்த்தேன். உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் கோடுகள் இரட்டிப்பாக இருந்தன. ஏன் என்று கேட்டுக் கேட்டுப் பிடித்துவிட்டேன். லீவு நாளில் அவர் வீடியோவில் வருவார். அவள் ஒரு கையில் போனையும் ஒரு கையில் கரண்டியையும் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முகத்தைக் காட்டப் பிள்ளையின் தலையைத் திருப்புவாள். கழுத்துத் திரும்பினால் பால் வழி மாறும். பால் கொடுக்கும்போது போனைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த கிழமை கோடுகள் பாதியாகக் குறைந்தன. அதற்கடுத்த கிழமை நாளுக்கு ஒன்றோ இரண்டோ. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமைதான் பிறகு என் கண்ணை மறைத்தது.

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, முன் அறையில் பாய் போட இடமில்லாமல் தாய்மார் வாசல் படியில் இருந்தார்கள். அவள் முறை வந்தபோது நேரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கொப்பியை நீட்டினாள். ஏழு வரிகளும் வெறுமையாக இருந்தன.

"இந்தக் கிழமை ஒண்டும் இல்லை, மிஸ்."

"அட, நல்ல விசயம்தானே. ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறீங்கள், தங்கச்சி?"

அவள் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். "அவர் இப்ப நினைக்கிறேல்லப் போல."

நான் சிரித்தேன். வாசலில் இருந்த தாய்மாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே சிரித்தேன். "நினைக்காமல் எங்க போறார்? இனி ஆர் நினைச்சாலும் இவனுக்குப் பிரக்கடிக்காது. அதுக்குத்தானே நீங்களும் நானும் இவ்வளவு பாடுபட்டனாங்கள்."

அவள் சிரிக்கவில்லை. "குரலும் ஒரு மாதிரிக் கிடக்கு. குடிச்சாப் பிறகு கொரகொர எண்டு."

"சளி. இந்தக் காத்துக்கு எல்லாப் பிள்ளையளுக்கும்தான்."

பிள்ளை வரும் வழியிலேயே பால் குடித்துவிட்டான். அவன் குடிப்பதை நான் பார்க்கவில்லை. கழுத்தில் காதை வைத்துக் கேட்கவும் இல்லை. தராசில் வைத்தேன், போன கிழமை இருந்த எடைதான். அவனுடைய சிகிச்சை அட்டையில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மாத அறிக்கை எழுத அட்டைகளை எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் நன்றாகத் தேறிய ஒரு பிள்ளையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் ஒழுங்கு. இந்த மாதம் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவனுடைய அட்டையை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை எழுதிய மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, என்னுடைய வடிவான கையெழுத்தில் இருந்தன. இருமல் இல்லை. குரலில் ஈரம். எடை ஏறவில்லை.

பேனையைக் கீழே வைத்தேன்.

இருமல் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பால் சரியான வழியில் போகத் தொடங்கியிருக்கலாம். அல்லது, பிழையான வழியில் போவதைத் தொண்டை உணராமல் விட்டிருக்கலாம். நாள்தோறும் பால் பட்டுப்பட்டுச் சில பிள்ளைகளின் தொண்டைக்கு உணர்ச்சி மரத்துப்போகும். அதற்குப் பிறகு பிள்ளை இருமாது, அழாது, மறுக்காது. அமைதியாகக் குடிக்கும். ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தராமல் இல்லை. தாதிமாருக்கு நான் நடத்திய பயிற்சியில், இருமல் நின்றால் சந்தோசப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள் என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவள் வந்து சொல்லியிருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. ஏதோ ஒன்று மாறிவிட்டது என்று அவள் கண்டாள். கண்டதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னாள். அவள் சொன்ன காரணம் பிழை, கண்டது சரி. நான் காரணத்தைக் கேட்டுச் சிரித்து, கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

செவ்வாய் மத்தியானத்திலிருந்து வியாழன் பின்னேரம்வரை எத்தனை முறை பால், ஒரு முறைக்கு எத்தனை கரண்டி என்று மனம் தன்பாட்டுக்குக் கூட்டத் தொடங்கியது. கூட்டாதே என்று எனக்கே சொன்னேன். கூட்டினேன். பிறகு போனை எடுத்தேன்.

அவளுடைய போன் வேலை செய்யவில்லை. ஐந்து முறை அடித்தேன். ஐந்து முறையும் போன் கம்பனியின் பெண்குரல் ஒரே வசனத்தைச் சொன்னது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற அந்த ஊர் மருத்துவமாதுவுக்கு அடித்தேன். லீவில் யாழ்ப்பாணத்தில் நிற்கிறாராம். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். நாளைக்கு என்றால் இன்னும் இத்தனை கரண்டி என்று மனம் மறுபடி கூட்டியது. சந்திக்கு ஓடிப்போய் அங்கே நின்ற ஓட்டோவில் ஏறினேன்.

மன்னார் நகரத்துக்குள் கழுதைகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தும் அவை அசையவில்லை. எனக்கு இறங்கிப் போய் அவற்றைத் தள்ள வேண்டும் போல இருந்தது.

"ஆர் மிஸ் சுகமில்லாமல்?" என்று அவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை," என்றேன்.

பாலத்தில் ஏறியதும் காற்று ஓட்டோவை ஒருபக்கமாகத் தள்ளியது. பிள்ளைக்கு என்னவாகுமோ என்ற பயத்துக்குள் இன்னொரு பயமும் இருந்தது. அட்டையில் என் கையெழுத்து இருக்கிறதே என்ற பயம். மேசையில் அதைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தேன். யாராவது பார்ப்பார்களா, இரண்டு சொல்லை மாற்றிவிட்டு வந்திருக்கலாமா என்றெல்லாம் ஓடியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பயமும் என்னோடு ஓட்டோவில் வந்தது.

தள்ளாடியில் இடப்பக்கம் திரும்பி, மாந்தை தாண்டி, கேதீஸ்வரத்துக்குப் போகிற சந்தியையும் விட்டு, கிறவல் ரோட்டில் இறங்கினோம். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. ரோட்டுக் குழி கிடங்குகளுக்குப் பயந்து அவர் மெதுவாக ஓட்டினார். அவர்மேல் எனக்குக் காரணமில்லாத கோபம் வந்தது. நாலு பேரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம்.

பூசி முடிக்காத கல்வீடு. கதவு திறந்திருந்தது. வாசலுக்கு நேரே, வெளிச்சம் விழுகிற இடத்தில், அவள் பாயில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

படலையில் நின்று அதைப் பார்த்தேன். பிள்ளை ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தான். தலை நெஞ்சுக்கு மேலே இருந்தது. நாடிக்குக் கீழே விரல் தாங்கியிருந்தது. ஒரு கரண்டி கொடுத்தாள், பொறுத்தாள், அவன் மூச்சு விட்டதும் அடுத்ததைக் கொடுத்தாள். போன் பக்கத்தில் எங்கும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவ்வளவு சுத்தமாகச் செய்த இன்னொரு தாயை நான் இன்றுவரை கண்டதில்லை. பிள்ளை ஒருமுறைகூட இருமவில்லை.

"கரண்டியை வையுங்கோ, தங்கச்சி," என்றேன். சத்தம் போட்டால் அவள் பதறி வாயிலேயே ஊற்றிவிடுவாளோ என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன மிஸ், நீங்கள் இங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி, கழுத்தில் காதை வைத்தேன். நீருக்குள் குமிழி வருகிற சத்தம். நெஞ்சில் வைத்தேன், அங்கேயும் அதுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுபட்டது. வாயைச் சுற்றி ஒரு நீலம். நெற்றி சூடாக இருந்தது.

"எப்ப இருந்து இவனுக்கு இப்பிடி மூச்சு இளைக்குது?"

"காலமையில இருந்து கொஞ்சம். ஆனா அழேல்லை, மிஸ். நல்ல பிள்ளையாய்க் கிடக்கிறான். நித்திரைதான் கூட."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். உடுப்பு ரெண்டை எடுங்கோ."

அவள் எழும்பவில்லை. "பிரக்கடிக்கவே இல்லையே, மிஸ்."

"அதுதான் தங்கச்சி பயம்," என்றேன்.

திரும்பி வந்த வழியை நான் சரியாகப் பார்க்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். ஓட்டோ ஒரு கிடங்கில் விழுந்து எழும்பும்போது எண்ணிக்கை பிசகும். மூச்சு நின்றதா, நான் எண்ணத் தவறினேனா என்று தெரியாமல் அவன் உள்ளங்காலைச் சுண்டுவேன். அவன் கண்ணை அரைவாசி திறந்து பார்ப்பான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். பாலத்துக் காற்றில் அவன் மூச்சின் சத்தமும் கேட்கவில்லை. விலா ஏறி இறங்குவதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ஏன் போனை நிப்பாட்டி வைச்சனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரோட சண்டை," என்றாள். "நினைக்காத மனுசனோட எனக்கென்ன கதை எண்டு செவ்வாய்க்கிழமையே நிப்பாட்டிப்போட்டன்."

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலப்பக்க நுரையீரலில் நியூமோனியா. ஒட்சிசன் வைத்தார்கள். மூக்கில் மறுபடியும் குழாய் போட்டார்கள். வாயால் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டார்கள். ஒருநாள் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

நிலையத்துக்குத் திரும்பி அந்த அட்டையை எடுத்தேன். எழுதியதை வெட்டவில்லை. அதற்குக் கீழே, செவ்வாய்க்கிழமை நான் பிள்ளை குடிப்பதைப் பார்க்கவில்லை, தாய் சொன்னதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்து, மேலிடத்துக்கு அனுப்பினேன். விசாரித்தார்கள், ஏசினார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பயமெல்லாம் வார்டில் கிடந்தது.

மூன்றாம் நாள் அவன் இன்னும் மோசமானான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதா, வழியில் தாங்குவானா என்று டொக்டர்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடியும்வரை நான் வார்டுக்கு வெளியே வாங்கில் இருந்தேன். அவள் வெளியே வந்து பக்கத்தில் இருந்தாள். மூன்று நாளும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று வந்து, தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பிள்ளை தப்பிய பிறகு சொல்லலாம் என்று ஒரு கள்ள நினைப்பு. தப்பாவிட்டால் அவள் என்னை நம்பியபடியே இருந்துவிடுவாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தங்கச்சி, பிழை என்னிலதான்," என்றேன். இருமல் ஏன் நின்றது, நான் எதைப் பார்த்திருக்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு, "நான் உங்களிட்டச் சொன்னனான்," என்றாள்.

"ஓம்."

"நீங்கள் சிரிச்சனீங்கள்."

"ஓம்."

அவள் எழும்பி உள்ளே போனாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்று இரவு கத்தாரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அவளுடைய கணவன். மனைவியிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார். அவர் என்னை ஏசப்போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவர் அழுதார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அந்தக் கிழமை எனக்கு ரெண்டு ஷிப்ட். மெய்யாவே பிள்ளையை நினைக்க நேரமில்லாமல் போச்சு. அதாலதானோ?"

இல்லை என்றேன். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பிழை என்னுடையது என்று அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டார். வைக்கும்போது, "இனி விடமாட்டன், மிஸ்," என்றார். அவர் என்னை நம்பவில்லை என்று விளங்கியது.

நான்காம் நாள் பிள்ளை அந்த நிலையிலேயே நின்றான். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் ஒட்சிசனை எடுத்தார்கள். குழாயோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். விழுங்குவதை எக்ஸ்றேயில் ஓடவிட்டுப் பார்க்கிற பரிசோதனைக்குக் கொழும்பில் நாள் கேட்டிருந்தார்கள். அது வரும்வரை பால் முழுவதும் குழாயால்தான். ஆனால் வாய் வேலையை மறந்துவிடக்கூடாது. யாராவது ஒருவர் நாள்தோறும் உதட்டையும் பல்முரசையும் தடவி, விரலில் தொட்ட ஒரு துளிப் பாலை நாக்கில் வைத்து, விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் பழக்க வேண்டும். அந்த ஒருவர் நானாக இருக்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டேன்.

உண்மையில் அது தீர்மானம் அல்ல, பயம். அந்த நாட்களில் என்னால் எந்தப் பிள்ளைக்கும் ஒழுங்காகக் கரண்டி பிடிக்க முடியவில்லை. இருமுகிற பிள்ளையைக் கண்டாலும் பயம், இருமாத பிள்ளையைக் கண்டால் அதைவிடப் பயம். ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு முறை, மூன்று முறை காதை வைத்துக் கேட்டேன். தாய்மார் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அவர்கள் சொல்கிற எதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை தூங்கும்போது நெற்றியைச் சுருக்குகிறான் என்று ஒருத்தி சொன்னதைக்கூட எழுதிவைத்தேன்.

வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு சிகிச்சையாளர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், கெட்டிக்காரி. அவருக்கு எல்லா விவரத்தையும் எழுதி, கடிதத்தை உறையில் இட்டு ஒட்டி மேசையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தேன். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வாசலில் நின்ற தாய்மார் விலகி வழிவிட்டார்கள். விசயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பின் அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையைக் காட்டினேன். கடிதத்தைக் கொடுத்தேன். "இதைக் கொண்டுபோய் அவவிட்டக் காட்டுங்கோ, தங்கச்சி. பஸ் செலவை நாங்கள் தருவம். நல்ல அனுபவசாலி. ஒரு பிழையும் வராது."

அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை அவள் தோளில் கிடந்தான். மூக்குக் குழாயைக் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஒரு ஓரத்தில் கழன்றிருந்தது. அதை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"அவவின்ர கையில ஒரு பிள்ளைக்கு இப்பிடி நடந்திருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையெண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப அவவுக்குப் பயமிருக்காது," என்றாள். "உங்களுக்கு இருக்கு. எனக்கு அது போதும்."

கடிதத்தை மேசையில் வைத்தாள். பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி, குழாய் இழுபடாமல் பிடித்துக்கொண்டு, என் மடியில் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தினாள். என் கை அவனைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் பிள்ளையைத் திரும்ப எடுக்கவில்லை.